குளத்துக்கு வந்த நாரையை விரட்டுவதா?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களோடு நாம் உரையாடும்போது, பேச்சு எங்கே தொடங்கினாலும் ஈற்றில் குளத்திலேயே வந்து நிற்கும். வீடு இடிந்திருந்தால் கட்டலாம், கிணறு தூர்ந்திருந்தால் இறைக்கலாம். குளம் இல்லாவிட்டால் வயல் இல்லை, வயல் இல்லாவிட்டால் ஊர் இல்லை. இது எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதொன்றல்ல.

மீளக் குடியேற ஆயத்தம் செய்யும் குடும்பங்கள் சிலவற்றோடு ஊர்க்குளம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தோம். குளக்கட்டில் பற்றைகளும் மரங்களும் வளர்ந்திருந்தன. துருசு உடைந்து கிடந்தது. ஆனால் அலைகரையில் நின்ற மருதமரங்களிலும், நீருக்குள் நின்ற பட்டமரங்களிலும் பெரிய நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு மரத்தில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட கூடுகள். அவற்றைக் கண்டதும் எம்மோடு வந்தவர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது.

"சுவாமி, உந்த நாரையள் குளத்து மீனெல்லாத்தையும் திண்டு முடிச்சுப்போடும். மீன்குஞ்சு விட முதல் மரத்தைத் தறிச்சால்தான் சரி" என்றார் ஓர் இளைஞர்.

"அது மட்டுமில்லை சுவாமி. பறவையள் இருக்குதெண்டு ஆரும் அறிஞ்சால் இது சரணாலயம் எண்டு பலகை நட்டுப்போடுவினம். பிறகு எங்கட வயல் எங்களுக்கில்லை" என்றார் ஒரு தாய்.

வயது முதிர்ந்த ஒருவர் மட்டும், "நாங்கள் சின்னப்பிள்ளையளா இருக்கேக்கையும் உதுகள் வந்ததுதானே. அப்ப குளத்தில மீன் இல்லாமலா போச்சு?" என்று கேட்டுவிட்டு அமைதியானார்.

இந்த மூன்று கூற்றுக்களையும் நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஒன்று உணவைப் பற்றியது, மற்றொன்று காணியைப் பற்றியது, மூன்றாவது ஊரின் நினைவைப் பற்றியது. எனவே இப்பறவையை முதலில் சரியாக இனங்கண்டு, அதன் வாழ்க்கை முறையை விளங்கிக்கொண்டு, அதன் பின்னர் எமது கருத்தைக் கூற விரும்புகிறோம்.

இது எந்த நாரை?

எமது பகுதிகளில் நெடுங்காலுடைய பறவைகள் யாவற்றையும் கொக்கு என்றோ நாரை என்றோ பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் அன்று கண்டது, தமிழ்நாட்டில் சங்குவளை நாரை என்றும் மஞ்சள்மூக்கு நாரை என்றும் அழைக்கப்படும் இனம். ஆங்கிலத்தில் வர்ணம் தீட்டிய நாரை எனப் பொருள்படும் பெயர் இதற்குண்டு. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வரை இது காணப்படுகிறது. இலங்கையில் உலர்வலயத்துக் குளங்களும் களப்புக்களுமே இதன் இருப்பிடங்கள்.

நிற்கும்போது ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமுடையது. சிறகை விரித்தால் ஒன்றரை மீற்றருக்கு மேல் வரும். உடல் வெள்ளை. மார்புக்குக் குறுக்கே வெண்புள்ளிகள் விழுந்த ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வாலை மூடியிருக்கும் இறகுகள் ரோசா நிறமாக இருக்கும். முகத்தில் மயிர் இல்லை. அது செம்மஞ்சள் நிறம். சொண்டு நீண்டு தடித்து மஞ்சளாக, நுனியில் சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம், ஆண் சற்றுப் பெரியது. இளம் பறவைகள் மங்கிய மண்ணிறமாக இருக்கும்; மார்புப் பட்டையும் ரோசா நிறமும் அவற்றுக்கு இராது. முழு நிறம் பெற இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரே கூட்டத்தில் இரு நிறங்களைக் கண்டால் இருவகைப் பறவைகள் என்று எண்ணிவிடக் கூடாது.

வேறு பறவைகளோடு இதை மாறாட்டம் செய்வது எளிது. பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொண்டு போனால் அது கொக்கு. நாரை கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். சொண்டுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. அது இதனிலும் சிறியது. நத்தையே அதன் முதன்மை உணவு. சொண்டு கறுத்து, அரிவாள்போல் வளைந்து, தலையும் மொட்டையாகக் கறுத்திருந்தால் அது அரிவாள்மூக்கன். சொண்டு தட்டையாகக் கரண்டிபோல் இருந்தால் கரண்டிவாயன். தாடையில் பை தொங்கினால் கூழைக்கடா. மேனி இருண்டு, தலையும் கழுத்தும் மொட்டையாகி, ஆளைப்போல் உயர்ந்து தனித்து நிற்பது வேறொரு பெருநாரை; அது எமது நாட்டில் அருகிவரும் ஒன்று. மன்னார்க் கடலேரிகளில் வரும் பூநாரையும் இளஞ்சிவப்பு நிறமுடையதே. ஆனால் அதன் கழுத்து மிக ஒடுங்கி நீண்டது, சொண்டு குறுகி நடுவில் மடிந்தது.

இன்னுமோர் அடையாளம் உண்டு. வளர்ந்த சங்குவளை நாரை கூவாது. கூட்டிலிருக்கும்போது சொண்டின் இரு பாகங்களையும் தட்டி ஒலி எழுப்பும். குஞ்சுகளோ இரைந்து கத்தும். கூடு நிறைந்த மரத்தின் கீழ் நிற்பவருக்கு அந்த இரைச்சல் ஒரு சந்தையைப் போலவே கேட்கும்.

மீனைப் பற்றிய அச்சம்

இந்நாரை நெல் தின்பதில்லை. சிறுமீன், தவளை, நண்டு, நீர்ப்பூச்சி, எப்போதாவது பாம்பு என்பனவே அதன் இரை. எனவே வயலுக்கு இதனால் சேதமில்லை. மீனுக்கு?

அது மீன் பிடிக்கும் முறையை அறிந்தால் விடை தெளிவாகும். ஆழம் குறைந்த நீரில் நடந்துகொண்டு, சொண்டைப் பாதி திறந்து நீருக்குள் அமிழ்த்தி, இருபுறமும் வீசிக்கொண்டு செல்லும். காலால் சேற்றைக் கிளறி மீனை அசையச் செய்யும். சொண்டில் ஏதாவது பட்டவுடன் கௌவிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதைவிடத் தொடுகையால் பிடிப்பதே அதன் வழக்கம். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரையொன்றை 1960களில் ஆராய்ந்தவர்கள், மீன் பட்டதிலிருந்து சொண்டு மூடுவதற்கு ஒரு செக்கனின் 40இல் ஒரு பங்கு நேரமே எடுப்பதாகக் கண்டார்கள். இதனால் கலங்கிய நீரிலும் அதற்குப் பசியாற முடிகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் வெளியாகின்றன. முதலாவது, இந்நாரைக்கு நீந்தி வேட்டையாடத் தெரியாது. கால் நிலத்தில் ஊன்றும் இடத்தில்தான் அதன் வேட்டை. குளம் நிறைந்திருக்கும்போது நடுக்குளத்து மீனை அதனால் தொட முடியாது. இரண்டாவது, குளம் வற்றி மீன் குட்டைகளில் ஒடுங்கும்போதுதான் அதற்கு நல்ல அறுவடை. அம்மீன்களுட் பல, குளம் முற்றாக வற்றினால் எப்படியும் சாகவேண்டியவையே.

ஆனால் உண்மையை மறைக்கவும் கூடாது. பருவக்குளங்களில் கமக்காரர் அமைப்புக்கள் மீன்குஞ்சு விட்டு வளர்க்கின்ற இடங்களில், குளம் வற்றத் தொடங்கியும் அறுவடையைத் தாமதித்தால் நாரை தன் பங்கை எடுக்கத்தான் செய்யும். இதற்குப் பரிகாரம் மரத்தைத் தறிப்பதன்று. குளம் நிறைந்த பின் குஞ்சுகளை விடுவதும், விரலளவிலும் பெரிதாக வளர்ந்த குஞ்சுகளை விடுவதும், கரையோரத்தில் அல்லாமல் ஆழமான இடத்தில் விடுவதும், நீர் குறையத் தொடங்கியதும் காலந்தாழ்த்தாது மீனைப் பிடிப்பதுமே பரிகாரம். இவற்றைச் செய்யாமல் நாரையைக் குற்றஞ்சாட்டுவது, வேலி கட்டாமல் மாட்டைக் கோபிப்பது போலாகும்.

கூடும் மரமும்

சங்குவளை நாரை தனித்துக் கூடு கட்டுவதில்லை. கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவற்றோடு சேர்ந்து மரங்களில் குடியிருப்பாக வாழும். நீரால் சூழப்பட்ட மரத்தையே பெரிதும் விரும்பும். மரநாய், பூனை முதலியன எளிதில் ஏறமாட்டா என்பதே காரணம். மழைக்குப் பின் நீர்நிலைகள் நிறைந்து, பின்னர் மெல்ல வற்றும் காலத்தை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகளுக்கு இரை மிகுதியாகத் தேவைப்படும்போது மீன் ஓரிடத்தில் சேர்ந்திருக்கவேண்டும் என்பதே அதன் கணக்கு. முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதமும், குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் வரையும் செல்லும். கடும் வெயிலில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதை எவரும் கரையிலிருந்தே காணலாம்.

மழை பொய்த்தாலும், இடையில் ஆட்கள் கல்லெறிந்து கலைத்தாலும், கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். மரத்தைத் தறித்தால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் மட்டுமல்ல, அடுத்த ஆண்டு வரவும் இல்லாமற் போகும். ஊரை விட்டுப் போவது எப்படிப்பட்டதென்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அயலில் கற்ற பாடங்கள்

மனிதரும் இந்நாரையும் ஒரே ஊரில் வாழமுடியுமா என்ற கேள்விக்கு அயல்நாடான இந்தியாவில் மூன்று விடைகள் கிடைக்கின்றன.

கர்நாடக மாநிலத்தின் மண்டியா மாவட்டத்தில் கொக்கரேபெல்லூர் என்றொரு கிராமம் உண்டு. அங்கு கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் காட்டில் அல்ல, வீட்டு முற்றத்துப் புளியமரங்களிலும் ஆலமரங்களிலும் கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் மகளைப்போல் இப்பறவைகளை ஊரார் கருதுகிறார்கள். மரத்தின் கீழ் விழும் எச்சத்தைச் சேர்த்து வயலுக்குப் பசளையாக்குகிறார்கள். பறவைகளுக்காகப் புளி பிடுங்காமல் விடும் மரச் சொந்தக்காரருக்கு வனத்திணைக்களம் ஈட்டுத்தொகை வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2007இல் அவ்விடம் சமுதாயக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் வெளியேற்றப்படவில்லை. காவலர்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் மற்றொன்று. 1994இல் அது சரணாலயமாக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். பறவை கலையக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் கதை இதனிலும் பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதை அக்கமக்காரர்கள் விஞ்ஞானம் சொல்லமுன்பே அறிந்திருந்தனர்.

மூன்றாவது விடை கசப்பானது. இராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் சதுப்புநிலம் சங்குவளை நாரைகள் பெருமளவில் கூடு கட்டும் இடம். அது தேசிய பூங்காவாக்கப்பட்ட பின், 1982இல் சூழவிருந்த கிராமங்களின் எருமைகள் அங்கு மேய்வது திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மக்கள் எதிர்த்தனர். பொலிஸார் சுட்டனர். உயிர்கள் பலியாயின. பறவைகளாவது நன்மையடைந்தனவா? இல்லை. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் தறிகெட்டு வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே, எருமைகள் அந்நிலத்துக்குத் தீமையல்ல, நன்மையே செய்து வந்தன என்ற முடிவுக்கு வந்தது. மக்களைக் கேளாமல் எடுத்த முடிவு மக்களையும் காக்கவில்லை, பறவையையும் காக்கவில்லை.

சரணாலயம் என்ற அச்சம்

அன்று அந்தத் தாய் சொன்ன அச்சத்தை நாம் மறுக்கமாட்டோம். 2015இல் சுண்டிக்குளமும் மடுவீதியும் சரணாலய நிலையிலிருந்து தேசிய பூங்கா நிலைக்கு உயர்த்தப்பட்டன. வர்த்தமானியில் ஒரு சொல் மாறினால் அதன் விளைவு வயலில் தெரியும். எனவே சொற்களின் வேறுபாட்டை எமது மக்கள் அறிந்திருப்பது அவசியம். எமது நாட்டுச் சட்டத்தின்படி சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். தொழில்கள் கட்டுப்படுத்தப்படலாமே தவிர முற்றாக ஒழிக்கப்படுவதில்லை. கட்டுக்கரைக் குளம் 1954இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீரில்தான் மன்னாரின் வயல்கள் விளைகின்றன. வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. தேசிய பூங்கா என்பது வேறு. அங்கே பயிர்ச்செய்கைக்கு இடமில்லை.

ஆகவே "பறவை இருப்பதை ஒருவருக்கும் சொல்லாதே, மரத்தைத் தறித்துவிடு" என்பது அச்சத்தில் பிறந்த யோசனை. அது பயன் தராது. நாரை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றம். குற்றம் செய்தவனிடமிருந்து காணியைப் பறிப்பது இன்னும் எளிது. காத்தவனிடமிருந்து பறிப்பதோ கடினம். "இந்தக் குளத்தைக் கட்டியவர்கள் எமது முன்னோர். இந்த மரங்களை விட்டுவைத்தவர்களும் நாமே. இத்தனை கூடுகளை இத்தனை ஆண்டுகளாகக் காத்து வருகிறோம்" என்று எழுத்தில் காட்டக்கூடிய ஊர், எந்த அதிகாரியின் முன்னும் தலை நிமிர்ந்து நிற்கும்.

அதேவேளை அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உலர்வலயக் குளங்கள் இயற்கையாகத் தோன்றியவையல்ல. மனிதர் கட்டியவை. நெல்லுக்காகத் தேக்கிய நீரில்தான் நாரை வந்து சேர்ந்தது. தொடர்குளங்களைக் கொண்ட இக்கிராம முறையை உலக உணவு விவசாய ஸ்தாபனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது. அந்த மரபுரிமையில் கமக்காரனும் ஓர் அங்கம். அவனை அகற்றிவிட்டுக் குளத்தைக் காப்பது இயலாத காரியம். கட்டைப் பராமரிக்க ஆளில்லாத குளம் ஒரு பெருமழையில் உடையும். உடைந்த குளத்துக்கு நாரையும் வராது.

நாம் செய்யக்கூடியவை

பசியோடும் கடனோடும் இருக்கும் மக்களிடம் பறவையைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். நாம் கேட்பது பணச்செலவுள்ள காரியங்களை அல்ல.

குளப் புனரமைப்புக்குப் பெக்கோ இயந்திரம் வரமுன்னர், கமக்காரர் அமைப்பினர் குளத்தைச் சுற்றி நடந்து மரங்களுக்கு அடையாளம் இடவேண்டும். குளக்கட்டில் வளர்ந்த மரங்கள் அகற்றப்படவேண்டியவையே. அவற்றின் வேர் கட்டைப் பலவீனப்படுத்தும். ஆனால் அலைகரை மருதமரங்களும் நீருக்குள் நிற்கும் பட்டமரங்களும் கட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. அவற்றை விட்டுவைக்குமாறு ஒப்பந்தகாரரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். கூட்டில் குஞ்சுகள் இருக்குமாயின் அப்பகுதி வேலையைச் சில வாரங்கள் பிற்போடலாம்.

துருசுக்குக் கீழே எஞ்சும் அடிநீரை நீரிறைக்கும் இயந்திரம் வைத்து உறிஞ்சிவிடக் கூடாது. அந்நீர் நாரைக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் அடுத்த ஆண்டின் தாய்மீனுக்கும் வேண்டும்.

நாசினி தெளித்த கருவியைக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. டீடீரீ 1976இலும் என்டோசல்பான் 1998இலும் எமது நாட்டில் தடைசெய்யப்பட்டமைக்குக் காரணங்கள் இருந்தன. நஞ்சு மீனில் சேர்கிறது. அதே மீனை நாரையும் உண்கிறது, எமது பிள்ளைகளும் உண்கிறார்கள். நாரை நிற்கும் குளம் மீன் உள்ள குளம். நாரை கைவிட்ட குளத்தை நாமும் ஒருமுறை ஐயத்தோடு பார்க்கவேண்டும்.

கூட்டு மரங்களின் கீழ் நீர் வற்றியதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி மரக்கறித் தோட்டத்துக்கு இடலாம். பசளை விலையை நினைத்தால் இது சிறு உதவியல்ல.

இறுதியாக, பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் கூடுகளை எண்ணச் செய்து, தொகையை அமைப்பின் கூட்ட அறிக்கைக் கொப்பியில் திகதியோடு பதியவேண்டும். எண்ணுவது கரையில் நின்றே. மரத்தடிக்குப் போய்க் கலைத்தல் ஆகாது. இப்பதிவு பறவையைப் பற்றிய குறிப்பு மட்டுமல்ல. இந்த ஊரில் இந்த மக்கள் இருந்தார்கள், இந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கான சான்றுமாகும். இடப்பெயர்வில் உறுதியையும் வரைபடத்தையும் இழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, எழுதி வைத்த ஒரு கொப்பியின் பெறுமதி நன்கு தெரியும்.

நாம் சென்ற அந்தக் குளத்தில் மரங்கள் தறிக்கப்படுமா இல்லையா என்பது அடுத்த கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். முடிவெடுக்கும் உரிமை அவ்வூர் மக்களுடையது. எமது கருத்தை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். நாரையை நாம் விரட்டவும் வேண்டாம். நாரையின் பெயரால் எம்மை எவரும் விரட்ட இடங்கொடுக்கவும் வேண்டாம். ஒரே குளத்து நீர் இருவருக்கும் போதும்.